வெள்ளை வாத்துக்குச் சீயக்காய்

பினாங்கில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்யும் சில வாரங்கள் உண்டு. அப்போது மின்விசிறியை ஒரு நம்பர் குறைத்து வைப்போம், என் கணவர் காதை மூடித் துண்டு கட்டிக்கொள்வார். எங்கள் குளிர் அவ்வளவுதான். ஆனால் அந்தக் குளிரில் வாத்தைக் குளிப்பாட்டப் போய் நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

ஜெலுத்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. பின்பக்கம் சிமெண்டுத் தரை, மூலையில் கொஞ்சம் மண். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பத்து காவான் என்ற ஊரில் மகனோடு இருக்கப் போனபோது தன் இரண்டு வாத்துகளையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஆனால் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் நாற்காலியே கதி என்று டிவி முன்னால் கிடந்தார். டாக்டர் நடக்கச் சொன்னார், பிள்ளைகள் போனில் கெஞ்சினார்கள், நான் கத்தினேன். எதுவும் எடுபடவில்லை. வாத்துகள் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு மனிதர் தானாக எழுந்தார். பழைய பிளாஸ்டிக் தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள். மழையில் மூலை மண் சேறாகி, வெள்ளை எது பழுப்பு எது என்று தெரியாத கோலத்தில் இரண்டும் நின்றன. மறுநாள் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். எனக்குச் சுத்தம் என்று வந்துவிட்டால் கை நிற்காது. வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்துக் குளியல் உண்டு, இதுகளும் வீட்டு ஜீவன்தானே என்று நினைத்தேன். அவர் லிட்டில் இந்தியாவுக்கு வெற்றிலை வாங்கப் போயிருந்தார். தண்ணீர் ஜில்லென்று இருக்குமே என்று வெந்நீர் விளாவி, சீயக்காயைக் கரைத்து, வெள்ளையைப் பிடித்துத் தேய்த்தேன். இறகெல்லாம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. இதையெல்லாம் இந்த மனிதர் கவனிப்பதே இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பையும் போட்டுப் பிசுக்குப் போகும்வரை விடவில்லை. பழுப்பு வாத்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதால் தப்பித்தது.

அவர் வந்ததும் பெருமையாகக் காட்டினேன். வெள்ளை பளபளவென்று நடந்துபோய்த் தன் தொட்டியில் இறங்கியது. மிதக்கவில்லை. முதுகுவரை அமிழ்ந்துபோய், கழுத்து மட்டும் வெளியே தெரிய, இறக்கையை அடித்துத் தவித்தது. அவர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடித் தூக்கினார். பிழிந்த துணி மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது.

அவர் பத்து காவானுக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். சோப்பு என்றதும் ஆன்ட்டி எந்தச் சோப்பு என்று கேட்டார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார். வால் பக்கம் ஊறுகிற எண்ணெயை வாத்து அலகால் எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்ளும், அதுதான் அதற்கு மழைச்சட்டை. அந்த எண்ணெய் திரும்பப் படியும்வரை வாத்தைச் சூடாக வைத்திருக்க வேண்டும். ஆனால் தினமும் கால் நனையும் அளவு நல்ல தண்ணீர் வைக்க வேண்டும், தண்ணீரைப் பார்த்தால்தான் அது இறகைக் கோதும். பிழைக்குமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

தீபாவளியன்று வெள்ளை, சமையலறையில் துணிக்கூடைக்குள் கிடந்தது. தீனியைத் தொடவில்லை. அவர் புதுச்சட்டையோடு தரையில் உட்கார்ந்து ஹேர் டிரையரால் காயவைத்தார். வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "மழையில நனைஞ்சிருச்சு லா," என்று மட்டும் சொன்னார். நான் முறுக்குத் தட்டோடு நின்றேன். இது செத்துப்போனால் இவர் திரும்ப அந்த நாற்காலிக்குத்தான் போவார், அதற்கும் நான்தான் காரணம் என்கிற பயம் எனக்கு.

மூன்றாம் நாள் கொஞ்சம் சோறு தின்றது. தினமும் காலையில் அகலமான ஒரு பேசினில் இரண்டு விரல் தண்ணீர் வைத்தோம். அதில் நின்றுகொண்டு மணிக்கணக்காகக் கோதும், பிறகு நான் துண்டால் ஒற்றியெடுப்பேன். இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் அவர் தொட்டியை நிரப்பி வெள்ளையை மெதுவாக விட்டார். மிதந்தது. தலையை முக்கித் தண்ணீரை முதுகில் வாரி இறைத்தது, அத்தனையும் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தனை நாளில் அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

"ஏங்க, இவ்வளவு பண்ணேனே, ஏன் என்னை ஏசல?" என்று கேட்டேன்.

அவர் வாத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏசுனா அப்புறம் நீ இந்தப் பக்கமே வரமாட்ட. நான் மட்டும் தனியா உக்காந்திருக்கணும்."

உள்ளே போய் இன்னொரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டேன்.