தயிர் ஊற்றிய கேக்

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அதனால்தான் மாமாவைக் கூப்பிட்டார்கள். கோயமுத்தூரில் சர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரோடு எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மடியை மட்டும் அனுப்பிவையுங்கள் என்று கேட்க முடியாதே. அத்தையும் கூடவே வந்தார்.

காரமடைக் கோயிலில் தங்கைக்குக் காது குத்திவிட்டு வீடு திரும்பியதும், அத்தை பையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். உள்ளே கேக். மணல் பரப்பிய சட்டிக்குள் வைத்து, மூடிமேல் கொட்டாங்குச்சிக் கனல் போட்டு, விடிகாலையில் அவரே சுட்டது. அவர் பிறந்த வீட்டில் நல்லநாள் என்றால் அதுதான் பலகாரமாம்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்" என்று அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அத்தை குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அம்மா சிரித்தபடியே தலையாட்டினாள். எங்கள் பக்கத்தில் பிடிக்காதவர்களுக்கு மரியாதை ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

பந்தி முடிந்தும் கேக் வரவில்லை. பின்கட்டில் எட்டிப்பார்த்தால், எருமைத் தொட்டியில் அம்மா அதைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தவிட்டுத் தண்ணீரில் அது ஊறி உடைவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அதுல முட்டை இருக்குது கண்ணு. சாமி காரியத்தன்னைக்குத் தொடக்கூடாது" என்றாள். மறுநாள் குழம்புக்கான கோழிகள் பக்கத்திலேயே கூடைக்கடியில் கிடந்தன.

வாசலில் அத்தை தனியாக உட்கார்ந்திருந்தார். இருபுறமும் நாற்காலிகள் காலி. என்னைப் பார்த்ததும், "கேக்கு தின்னியா கண்ணு?" என்று ஆசையாகக் கேட்டார்.

"முட்டை இருக்குதுங்களாமா அத்தை. திங்கக்கூடாதுங்களாமா."

"முட்டையே போடலையே சாமி. உங்கூட்டு விசேஷமுன்னு தயிரூத்தித்தான் செஞ்சேன். மொதல்ல செஞ்சது உப்பவே இல்லை, மறுக்காவும் செஞ்சேன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, முட்டை இல்லையாமா. தயிராமா."

முதுகைக் காட்டி நின்று போசியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "எனக்குத் தெரியும். வந்ததுமே சொல்லிப்போட்டா. நீ போய் வெளையாடு."

அத்தை என் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டார். அம்மாவிடம் எனக்கு எத்தனையோ கோபங்கள் இருந்து ஆறியிருக்கின்றன. இது மட்டும் ஆறவில்லை.

அடுத்து வந்த நோம்பித் திருவிழாவுக்கு மாமா மட்டும்தான் வந்தார். முட்டை இல்லை என்பதை அன்றைக்கு நான் விசேஷத்துக்கு வந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தால் அத்தையும் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.