மதினி கிழிக்கவிடாத ஜூன் மாதம்

என் வீட்டுச் சுவரில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரின் ஜூன் மாதத் தாள் மட்டும் தொங்குகிறது. மற்ற மாதங்களெல்லாம் எப்போதோ கிழிந்து போயாயிற்று. அதன் நடுவில் மூன்று கட்டங்களைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும். போட்டவள் நான்தான். அதைப் பார்த்தால் இப்போதும் வெட்கமாக இருக்கும், கூடவே பெருமையாகவும் இருக்கும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், என் அண்ணன் மனைவி சினிமாப் படம் எடுத்த கதையைச் சொல்ல வேண்டும்.

மதினி தச்சநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பல வருசம் நிர்வாகம் செய்தவள். அங்கே வீடியோ எடுக்க வருகிற ஒரு தம்பி, பந்தி முடிந்த ஒரு மத்தியானம், அவளிடம் ஒரு கதை சொன்னான். பேச்சு வார்த்தை இல்லாமல் ஆற்றின் இரண்டு கரையிலும் வாழ்கிற அக்கா தங்கை கதை. மதினி முழுவதும் கேட்டுவிட்டு, “இத நான் எடுக்கேன் தம்பி” என்றாளாம். “இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு” என்று அண்ணன் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தான். பணம் எப்படிப் புரண்டது என்பது குடும்பத்துக்குள் நடந்த இன்னொரு சண்டை, அதை விடுங்கள். விக்கிரமசிங்கபுரத்தில் மில்லில் வருகைப் பதிவு எழுதுகிற வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்த என்னை அவள் கூப்பிட்டாள். “ஏட்டி, யார் வந்தா, யார் வரலன்னு காலமெல்லாம் எழுதினவ நீ. ஷூட்டிங் தேதியெல்லாம் நீதான் பாக்கணும்” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தயாரிப்பாளர் என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என்ன அறியாமை! கதையை எட்டுத் தடவை திருத்தி எழுத வைத்தாள் மதினி. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பாள்: “இங்கன இவ ஏன் அழுதா?” அந்தத் தம்பிக்குப் பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான். பிறகு காட்சி காட்சியாகப் பிரித்து, எதற்கு யார், எந்த இடம், என்னென்ன சாமான் என்று கல்யாணத்துக்கு மளிகைப் பட்டியல் போடுவதுபோல எழுதிக்கொண்டோம். போலீஸ், பொதுப்பணித்துறை, பஞ்சாயத்து என்று ஒவ்வொரு அலுவலக வாசலிலும் அவளே போய் நின்றாள். தங்கையாக நடிக்கச் சென்னையிலிருந்து வர வேண்டிய நடிகை நாள் கொடுத்து, அனுமதிக் கடிதமெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கேமராவை வாடகைக்கு எடுக்கவே விட்டாள்.

எல்லாவற்றையும் அவள் சரியாகச் செய்தாள். கோட்டை விட்டது நான். கடைசிக் காட்சி சேரன்மகாதேவிக்கு மேலே ஆற்றுக்குள். தங்கை பாறை பாறையாகத் தாண்டி அக்கா வீட்டுக் கரைக்கு வர வேண்டும். கார் பருவ நெல் சாகுபடிக்காக ஜூனில் பாபநாசம் அணையைத் திறப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அணைக்கு அடியிலேயே குடியிருக்கிற எனக்குத் தெரியாதா? அந்த வருசம் சாரல் மழை பிந்திவிட்டது, எங்கே திறக்கப் போகிறார்கள் என்று நானே முடிவு கட்டி, ஒருவரையும் கேட்காமல் காலண்டரில் மூன்று நாளுக்கு வட்டம் போட்டுவிட்டேன். முதல் நாள், தங்கை நடு ஆற்றுப் பாறையில் வந்து உட்காருவது வரை எடுத்தோம். அன்றைக்கே மலையில் மழை பிடித்தது. மதகைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாறையைக் காணோம். அந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

கதை சொன்ன தம்பிதான் டைரக்டர்; அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நடிகை மறுநாள் ராத்திரி கிளம்ப வேண்டும். விட்டால் ஆறு மாதம் கிடைக்க மாட்டார். முடிவு இல்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? “தேதி குறிச்சது யாருவே?” என்று லைட்காரர் ஒருவர் சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டாள். “நாந்தான் அண்ணாச்சி. அணைய மறந்துட்டேன்.” எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஆபீஸாக வைத்திருந்த அறைக்குள் போய்க் காலண்டரைக் கிழிக்கப் போனேன். பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். “கிழிக்காதட்டி. இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா?”

வெளியே வந்து தம்பி பக்கத்தில் பைய உட்கார்ந்தாள். “நடு ஆத்துல தங்கச்சி. சுத்தித் தண்ணி ஏறுது. கரையில நிக்கிற அக்கா சும்மா பாத்துக்கிட்டா நிப்பா?” என்று கேட்டாள். எட்டுத் தடவை எழுதிய கதையிலும் அக்கா கரையைவிட்டு அசைந்ததே இல்லை. அவன் தலையிலிருந்து கையை எடுத்தான். பிறகு பேப்பர் கேட்டான். மதினி அதற்குள் ஊரில் நீச்சல் தெரிந்த ஆட்களைக் கயிற்றோடு வரவழைத்தாள். அவர்கள் வந்து நிற்கும்வரை கேமராப் பெட்டியைத் திறக்க விடவில்லை. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில், அக்கா சேலையோடு இறங்கித் தங்கையின் கையைப் பிடித்து இழுக்கிற காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. சத்தம் போட்ட லைட்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எடிட்டிங் முடிந்து டப்பிங் நடந்தது. “‘செய்றான்’னாம்! ‘செய்தான்’னுல்லா சொல்லுவோம். எங்க ஊர்ல எவன் அப்படிப் பேசுதான்?” என்று பாதி வசனத்தைத் திரும்பப் பேச வைத்தாள். தணிக்கைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் தியேட்டர் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்தாள். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு தியேட்டர், காலைக் காட்சி மட்டும் கொடுத்தார்கள். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தண்ணீரில் இறங்கியபோது அரங்கமே எழுந்து கை தட்டியது. மறுவாரம் அதே தியேட்டரில் மாலைக் காட்சியும் கொடுத்தார்கள்.

படம் வந்த முதல் நாள் தியேட்டர் வாசலில் ஒரு அம்மா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லிவச்ச மாதிரி தண்ணி வந்துச்சே! எப்படிம்மா எடுத்தீய?” என்று கேட்டாள். மதினி என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “இவகிட்ட கேளுங்க. தேதி குறிச்சது இவதான்.”

நேற்று மதினி வந்திருந்தாள். அடுத்த படத்துக்குக் கதை கிடைத்துவிட்டதாம். பழைய ஜூன் மாதத் தாளுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துப் புதுக் காலண்டரை மாட்டினாள். அப்புறம் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.