நான் கேட்டு வாங்கிய ஆர்வி

கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆர்வி. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. நகை கேட்டிருந்தால் என் கணவர் யோசிக்காமல் வாங்கித் தந்திருப்பார். ஆர்வி என்றதும் சிரித்தார்.

"அதெல்லாம் ரிட்டயர் ஆன வெள்ளைக்காரங்க வாங்கறது. நமக்கெதுக்கு?"

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னோடு ஆபீஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமில் ஓர் அமெரிக்கப் பெண்மணி வேலை பார்த்தார். அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு கோடையிலும் தன் ஆர்வியில் தனியாகக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் போனில் படங்கள் காட்டுவார். மலை, அருவி என்று பெரிதாக எதுவும் இருக்காது. திறந்த கதவு, படியில் ஒரு காபிக் கப், அதற்கப்பால் வெறும் தரை. அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை என்பார், பரிசு வாங்கியவர் மாதிரி.

நான் எட்டு வருஷம், மனைவிமாருக்குத் தரும் எச்-ஃபோர் விசாவில், டாலஸுக்கு வடக்கே ஒரு அபார்ட்மெண்டில் உட்கார்ந்திருந்தவள். வேலைக்குப் போகக் கூடாது என்பது அந்த விசாவின் விதி. பிறகு ஒருவழியாக கிரீன் கார்டு வந்தது, எனக்கு வேலை கிடைத்தது, வீடு வாங்கினோம். அந்த வீட்டில் சனிக்கிழமை என்றால் விருந்தாளிகள்தான். எங்களைப் போலக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நான்கைந்து இருந்தன. ஒவ்வொரு வாரம் ஒருவர் வீட்டில் கூடுவது என்று பேச்சு. ஆனால் எங்கள் வீட்டு முறை மட்டும் சீக்கிரம் சீக்கிரம் வந்துவிடும். "அக்கா கைப்பக்குவம் யாருக்கும் வராதுங்க" என்று சொல்லியே வந்துவிடுவார்கள். நானும் அந்தப் பாராட்டுக்கு மயங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலமே மாவு அரைக்க ஆரம்பித்துவிடுவேன்.

இரண்டு வருஷம் ஆர்வி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மகள் ஹைஸ்கூல் கடைசி வருஷத்துக்கு வந்தபோது, "ஏனுங்க, இவ காலேஜ் போறதுக்குள்ள நாம மூணு பேரும் ஒரு ட்ரிப்பாவது போகணும். என் சம்பளத்துல வாங்கிக்கறேன்" என்றேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அவர் தலையாட்டினார்.

ஃப்ரீவே ஓரத்தில் பழைய ஆர்விகள் விற்கும் கடையில் விற்பனையாளர் முதலில் கை கொடுத்தது என் கணவருக்கு. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பிடிக்கும், கூரை எங்காவது ஒழுகியிருக்கிறதா, எஞ்சின் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று கேட்டதெல்லாம் நான். பதில் எல்லாம் அவரைப் பார்த்து. அவரோ போனில் ஆபீஸ் மெயில் படித்துக்கொண்டிருந்தார். ஓட்டிப் பார்க்கச் சாவியையும் அவரிடம்தான் நீட்டினார்கள். அவர் உள்ளே ஏறி, அந்த நீளத்தைப் பார்த்து, இறங்கிவிட்டார். "நீயே ஓட்டு" என்றார். ஓட்டினேன். திருப்பங்களில் அகலமாகச் சுற்றி, கண்ணாடியை மட்டும் நம்பி, எங்கும் உரசாமல் கொண்டுவந்து நிறுத்தினேன். "உங்கள் மனைவி நன்றாக ஓட்டுகிறார்" என்று விற்பனையாளர் அவரிடம் சொன்னார்.

பணம் என் அக்கவுண்டிலிருந்து போனாலும், பேப்பர் எழுதும்போது கணவர் பெயரை மட்டும் போட்டார்கள். நான் பார்த்தேன். "என் பேரும் இருக்கட்டுமே" என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"இன்சூரன்ஸ் என் பேர்ல இருக்கு. சேத்தா மறுபடியும் எல்லாத்தையும் டைப் பண்ணணும். யார் பேர்ல இருந்தா என்ன, நம்ம வண்டிதானே?"

விற்பனையாளருக்கு முன்னால் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் என்மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

எங்கள் குடியிருப்பில் வீட்டு வாசலில் ஆர்வி நிறுத்தக் கூடாது. அதனால் இருபது நிமிஷம் தள்ளி, கம்பிவேலி போட்ட ஒரு ஸ்டோரேஜ் இடத்தில் நிறுத்தினோம். நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய்விடுவேன். வீடியோ பார்த்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். பாட்டரியைக் கழற்றி மாட்டுவது, கூரை ஓரங்களில் பசை பூசுவது, கழிவுத் தொட்டிக்குக் குழாய் பொருத்துவது. மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வைத்துப் படியில் உட்காருவேன். எதிரே வரிசையாக மற்றவர்களின் ஆர்விகள், படகுகள். அழகான இடமில்லை. இருந்தாலும் முதல் பயணம் வரைக்கும் அந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

முதல் பயணத்துக்கு ஒரு ஏரிக்கரையில் இடம் பிடித்தேன். மூன்று நாள், நாங்கள் மூன்று பேர். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கணவர் சொன்னார், "மத்தவங்களும் வர்றாங்க. பக்கத்துலயே கேபின் புக் பண்ணிட்டாங்க. எல்லாரும் நம்ம ஆர்வியைப் பாக்கணுங்கறாங்க." மூன்று குடும்பங்கள். எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர்.

ஏரிக்கரையில் போய் இறங்கிய அரை மணி நேரத்தில் என் ஆர்வி எல்லோருக்கும் சமையலறை ஆகிவிட்டது. இரண்டே இரண்டு பர்னர். வெளியே டெக்சாஸ் வெயில், உள்ளே தோசைக்கல். ஏசி ஓடியதாகவே தெரியவில்லை. ஜன்னல் வழியாகத் தட்டுகள் உள்ளே நீளும், நிரம்பி வெளியே போகும். கேபின்களில் கழிப்பறை இருந்தும், புதுசு என்று எல்லாப் பிள்ளைகளும் எங்களுடையதற்கே வந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானமே கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது.

வண்டியைக் கழிவு கொட்டும் இடத்துக்கு ஓட்டிப் போய், கையுறை மாட்டிக்கொண்டு குழாயைப் பொருத்தினேன். வேடிக்கை பார்க்க ஆண்கள் நான்கு பேரும் நடந்தே வந்திருந்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். "அக்கா, நீங்க பெரிய ஆளுதானுங்க" என்றார்.

என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "இது அவளோட பொம்மைங்க. ஆசப்பட்டா, வாங்கிக் குடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. வாங்கிக் கொடுத்ததாக அவர் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகளிடம் புலம்பினேன். அவள் ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த படுக்கையில் கிடந்தாள். ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, "அம்மா, நோபடி ஆஸ்க்ட் யூ டு குக்" என்றாள். யாரும் என்னைச் சமைக்கச் சொல்லவில்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிவிப்பது மாதிரிதான் சொன்னாள்.

மறுநாள் காலை நான் அடுப்பு பற்ற வைக்கவில்லை. கணவரும் மகளும் இறங்கிப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தேன். யாராவது வந்து தட்டுவார்கள், என்னாச்சு என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். சொல்ல வேண்டிய பதில்களையும் தயார் பண்ணி வைத்திருந்தேன். வெளியே கார்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கார்கள் திரும்பும் சத்தம் கேட்டது. அப்போதும் யாரும் தட்டவில்லை. கதவைத் திறந்தால், எல்லோரும் திரும்பி வந்து ஏரிக்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். டவுனுக்குப் போய் ஒரு மெக்சிகன் கடையில் டாக்கோ சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். எனக்கும் ஒன்று வாங்கி, தாளில் சுற்றி, படியில் வைத்திருந்தார்கள்.

"நீ தூங்கறேன்னு நெனச்சோம்" என்றார் கணவர்.

யாருக்கும் வருத்தமில்லை. யாருக்கும் பசியுமில்லை. இத்தனை வருஷச் சனிக்கிழமைகளும் இப்படித்தான் இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆறிப்போன டாக்கோவை நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மகள் காலேஜ் போன பிறகு இரண்டு தடவை திட்டம் போட்டேன். ஒரு தடவை அவருக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ். இன்னொரு தடவை யார் வீட்டிலோ கிரகப்பிரவேசம். அப்படியானால் நான் தனியாகப் போகிறேன் என்றேன்.

"தனியாவா? யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"தனியாப் போயிருக்கான்னு சொல்லுங்க."

அக்டோபரில் லீவ் போட்டேன். அதற்குள் ஊரில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அந்த லீவை அப்படியே கோயம்புத்தூருக்கு மாற்றி, ஆறு வாரம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தேன்.

திரும்பி வந்த அன்று, ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், லேன் மாறிக்கொண்டே கணவர் சொன்னார், "அந்த ஆர்வியைக் குடுத்துட்டேன். சும்மாதானே நின்னுட்டிருந்துது?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றேன்.

"நீ ஆஸ்பத்திரில இருந்தே. எதுக்கு டென்ஷன் பண்ணணும்னுதான். பணம் உன் அக்கவுண்ட்லதான் போட்டிருக்கேன், பாத்துக்கோ."

போட்டிருந்தார். அதுதான் என் வாயை அடைத்தது. போனில் அம்மாவிடம் சொன்னபோது, "பணத்தைக் குடுத்துட்டாருல்ல? அப்புறம் என்ன கண்ணு?" என்றாள். தோழிகளும் அதையேதான் கேட்டார்கள். திருடியிருந்தால்கூட எனக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

உள்ளே இருந்த என் சாமான்கள் கராஜில் ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. இரண்டு தட்டு, ஒரு கப், கையுறை, நோட்டு. உடையாமல் இருக்கக் கப்பைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். கையுறையைக் கழுவிக்கூட வைத்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பெட்டியை நான் இன்னும் பிரித்து அடுக்கவில்லை.

பிப்ரவரியில் மகள் போன் பண்ணினாள். ஸ்பிரிங் பிரேக் லீவுக்குத் தோழிகளோடு எங்கோ போகிறார்களாம். ஆர்வியை எடுத்துக்கொள்ளலாமா, நான் ஓட்டச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள். விற்றதை அவர் அவளிடமும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கணவர் எனக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாகிட்டக் கேளு" என்று போனை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் இடது கையால் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சாம்பார் காய்ந்த வலது கையை ஆட்டி ஆட்டி, நடந்துகொண்டே, நீண்ட நேரம் அவளுக்கு விளக்கிச் சொன்னார். எனக்குச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.