வலிக்காத காது

எனக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போன மூன்று பேரும் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்கள். லண்டனில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடும் மருந்தும் கொடுப்பதுதான் என் வேலை. யாரை எங்கே அனுப்புவது என்று எங்கள் ஒபிசில் பார்க்கிற பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒரு நாள் அவள் போன் எடுத்தாள்.

"அக்கா, நீங்கள் ரஷ்யாவில படிச்சனீங்கள் எல்லே? தோர்ண்டன் ஹீத்தில ஒரு கிழவர் இருக்கிறார். ஸ்ட்ரோக் வந்தாப் பிறகு இங்கிலீஷ் எல்லாம் மறந்து போச்சாம். ஒருத்தரும் நிக்கினமில்லை. ஏதோ ரொக்கெட் ஓடினவராம்."

"ரொக்கெட்டை என்ன பஸ் மாதிரியே ஓடுறது?" என்றேன்.

"என்னவோ. உங்களுக்குப் போகேலுமோ?"

"ஓம், போறன்."

சோவியத் புலமைப்பரிசிலில் மொஸ்கோவுக்குப் போய்ப் பொறியியல் படித்தவள் நான். படிக்க வைத்த நாடு இப்போது இல்லை. படித்த படிப்பை இந்த நாடு ஏற்கவில்லை. மிஞ்சியது பாஷை மட்டும்தான், அதுவும் முப்பது வருடமாக வாய்க்குள்ளேயே கிடந்து துருப்பிடித்துவிட்டது.

முதல் நாள் கதவைத் திறந்து ரஷ்ய மொழியில் வணக்கம் சொன்னேன். நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பினார். கண் இரண்டும் மங்கல். இடக் காது முற்றாகச் செவிடு, வலக் காதில் ஒரு மெஷின். கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. இந்தப் பாஷை எங்கே படித்தது என்று கேட்டார். மொஸ்கோவில், பொறியியல், என்றேன்.

"அப்படியென்றால் உள்ளே வாருங்கள், பொறியியலாளரே."

லண்டனில் என்னை அப்படி அழைத்த ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருடைய தொந்தரவுகளை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். தொந்தரவு கொஞ்சமல்ல. அவர் எதிரே ஒரு வெற்றுக் கதிரை இருந்தது. அதில் யாரும் இருக்கக் கூடாது, ஆனால் தேநீர் கொடுக்கும்போது அதற்கு முன்னாலும் ஒரு கோப்பை வைக்க வேண்டும். நான் வேலை முடித்துப் புறப்படும்போது அவரோடு ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். பயணம் போகும் முன் ரஷ்யர்கள் அப்படி உட்காருவார்கள். எனக்கோ ஒரு வீட்டுக்கு முக்கால் மணித்தியாலம்தான். அடுத்து நான் போக வேண்டிய வீட்டுக்காரி, நான் பிந்தினால் ஒபிசுக்குப் போன் போடுகிறவள். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனாலும் உட்கார்ந்தேன்.

சவரம் செய்துவிடும் நேரத்தில் கதை சொல்வார். ஆற்றங்கரைக் கிராமம். போரில் போன தகப்பன் வரவில்லை. உருளைக்கிழங்குத் தோலை அவித்துத் தின்ற குளிர்காலங்கள். பதினேழு வயதில் விமானம் ஓட்டப் பழகினார், பிறகு விமானப் படை, பிறகு ஒரு நாள் காரணம் சொல்லாமல் மருத்துவச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஆயிரம் தடவை குத்திப் பார்த்துக் கடைசியில் விண்வெளி வீரர் பயிற்சிக்கு எடுத்தார்கள். சத்தமே வராத ஒரு அறைக்குள் பத்து நாள் தனியே பூட்டி வைத்தார்களாம். தன் இரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது என்றார். சுற்றிச் சுழற்றும் யந்திரத்தில் மூக்கால் இரத்தம் வந்தது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஒரே ஒரு முறை விண்வெளிக்குப் போய்ப் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வந்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இடக் கை மெல்ல மேலே போய் அந்தச் செவிட்டுக் காதைத் தேய்க்கும்.

சுவரில் ஒரு படம் இருந்தது. தோல் ஜாக்கெட் போட்ட இரண்டு இளைஞர்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி. ஒருவர் இவர். மற்றவர், இவருக்கு ஏதும் ஆனால் இவர் இடத்தில் போவதற்காகத் தயார் செய்யப்பட்டவர். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு மாற்று ஆள் உண்டு. இவர் செய்கிற பயிற்சி எல்லாம் அவரும் செய்வார், இவர் போனால் அவர் கீழே நிற்பார். அந்த வெற்றுக் கதிரை அவருக்குத்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கார்த்திகை மாதம் ஒரு காலை, வெளியே ரெயில் பாதைகூடத் தெரியாத மூடுபனி. திரைச்சீலையை விலக்கப் போனேன்.

"திறக்காதே" என்று கத்தினார். பிறகு தானாகவே சொன்னார்.

அவருடைய விண்வெளிப் பயணத்துக்குச் சில மாதங்கள் இருந்தன. அன்று காலை ஒரு ஆசிரியரோடு பயிற்சி விமானத்தில் பறக்க வேண்டிய முறை இவருடையது. விமானத் தளத்தில் இதே மாதிரி மூடுபனி. மருத்துவரிடம் போய், இடக் காது வலிக்கிறது என்றார். இடக் காதைப் பார்த்துவிட்டுச் சிவந்திருக்கிறது போல என்று மருத்துவரும் எழுதிவிட்டார். மாற்று ஆள் போனார். இருபது நிமிடத்தில் விமானம் காட்டுக்குள் விழுந்தது.

"என் காது வலிக்கவில்லை, பொறியியலாளரே. எனக்கு அன்று பயம். வேறொன்றும் இல்லை. அடுத்த வருடம் நான் விண்வெளிக்குப் போனேன். ஹெட்போனில் ஒருவர் மூச்சு விடுகிற சத்தம் பதினெட்டு நாளும் கேட்டது. என் மூச்சு இல்லை. கீழே யாரிடமும் சொல்லவில்லை. காதைப் பற்றி மருத்துவரிடம் இரண்டாம் முறை சொல்ல எனக்குத் துணிவு இல்லை."

அதன் பிறகு பதக்கங்கள், பாடசாலைகளில் உரை, தொழிற்சாலைகளில் கையசைப்பு. பிறகு நாடு போனது. மகளோடு லண்டன் வந்தார். விமானத்தோடு போன அந்த நண்பரின் மனைவி இன்னும் மொஸ்கோவுக்கு வெளியே அதே பழைய வீட்டில் இருந்தார். ஊரில் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பூவோடு போய் அவர் மேசையில் சாப்பிட்டிருக்கிறார். இதை மட்டும் சொன்னதில்லை. காது கேட்காததால் இப்போது போனில் பேச முடியாது, கை நடுங்குவதால் எழுதவும் முடியாது. மகளைக் கேட்டபோது, பழையதைக் கிளறாதீர்கள் அப்பா என்று சொல்லிவிட்டாளாம்.

"நீங்கள் எழுதுங்கள். நான் போகும் முன் அவள் இதை அறிய வேண்டும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'என் காது வலிக்கவில்லை' என்ற இடம் வந்தது. தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனுசி, தனியே ஒரு சமையலறையில் இருந்து இதை வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன். இந்த வயதில் அவருக்கு இது எதற்கு? என் கை எழுதியது: 'அன்று என் காது மிகவும் வலித்தது, அதனால்தான் அவன் போனான், என்னை மன்னித்துவிடு.' அவர் கண்ணுக்கு அது தெரியாது. பேனையை அவர் விரல்களுக்குள் வைத்தேன். நடுங்கி நடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இதைச் செய்தது நான். எனக்கே ஒரு முறை இதைச் செய்திருந்தார்கள் என்பதுதான் வெட்கம். மொஸ்கோவில் இறுதி வருடம் படிக்கும்போது வீட்டிலிருந்து அண்ணையின் கையெழுத்தில் கடிதங்கள் வரும். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். 'ஐயாவுக்குக் கை நடுங்குகிறது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.' சோதனைக்கு நன்றாகப் படிக்கச் சொல்லி ஐயாவின் புத்திமதிகள், ஐயாவின் பகிடிகள். ஊருக்குப் போய் வந்த ஒரு மாணவன் விடுதி வாசலில் என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னபோதுதான், ஐயா செத்து நாலு மாதம் என்று தெரிந்தது. மாரடைப்பு. படிப்புக் குழம்பிவிடும் என்று மறைத்தார்களாம். அந்தக் கடிதங்களைக் கிழித்து எரித்தேன். அண்ணையோடு அதன் பிறகு கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் பேசியதோடு சரி.

கடிதம் போய் மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் கதிரையின் நுனியில் இருந்தார். அவருடைய வலக் காதருகே குனிந்து வாசித்தேன்.

'அன்று காலை விமானத் தளத்தில் இருந்து அவர் எனக்குப் போன் செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன், அவனுக்குப் பதிலாகப் பறக்கப் போகிறேன் என்றார். அவன் காதுக்கு ஒன்றுமில்லை, இன்றைக்கு அவனுக்குப் பயம், எனக்கும் ஒரு நாள் பயம் வரும், அன்றைக்கு அவன் போவான் என்று சிரித்தார். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னை நீக்கியிருப்பார்கள். நீ ஒவ்வொரு வருடமும் வந்தாய், என் சூப்பைக் குடித்தாய், காதைத் தேய்த்தாய். ஒரு முறை உன் வாயால் சொல்வாய் என்று காத்திருந்தேன்.'

அவர் அழுதுகொண்டிருந்தார். "பிறகு?" என்றார்.

பிறகு இரண்டு வரிதான் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அன்று விடுதி வாசலில் பெட்டையாக நின்ற என்னை நினைத்தேன். வாசித்தேன்.

'இப்போது லண்டனில் இருந்தும் உன் காது வலித்தது என்றே எழுதுகிறாய். பரவாயில்லை. நான் இனிக் காத்திருக்கமாட்டேன்.'

நான் செய்ததைச் சொன்னேன். அன்று அவர் என்னைப் பொறியியலாளரே என்று அழைக்கவில்லை.

"போனை எடு" என்றார். "அவள் பேசுவது எனக்குக் கேட்காது. நான் பேசுவது அவளுக்குக் கேட்கும்."

இலக்கங்களை மனப்பாடமாகச் சொன்னார். அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள், வயதான குரல் இல்லை. பின்னால் ஆட்களின் பேச்சும் கோப்பைச் சத்தமும் கேட்டன. யார், எங்கிருந்து என்று சொன்னேன்.

"நான் மகள். அம்மா காலமாகிவிட்டார். இன்று ஒன்பதாம் நாள் சாப்பாடு."

"எடுத்தாளா?" என்று அவர் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

நான் அவரைப் பார்த்தேன். "கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

போனை அவர் வாயருகே பிடித்தேன். "என் காது வலிக்கவில்லை" என்றார். "எனக்குப் பயம். அவன் என் இடத்தில் போனான். வருடா வருடம் உன் மேசையில் இருந்து சாப்பிட்டேன், சொல்லவில்லை." இன்னும் பேசினார். நான் போனைத் திரும்ப என் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் பேச்சில்லை. கதவைச் சாத்தியிருக்க வேண்டும், கோப்பைச் சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பா போனபோது நான் பிறக்க இரண்டு மாதம் இருந்தது" என்றாள் அவள் கடைசியில். "எனக்கு இது தெரியாது." பிறகு, "அம்மா கேட்டார் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

சொன்னேன். காதில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்தார். போகும் முன் ஒரு நிமிடம் இருவரும் உட்கார்ந்தோம். அந்த நிமிடத்தில் எதிரே இருந்த வெற்றுக் கதிரையை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று கிழமையில் அவர் போய்விட்டார். கடைசி நாட்களில் நன்றாகத் தூங்கினார் என்று அவருடைய மகள் எனக்கு நன்றி சொன்னாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. கேட்கக் கூடாத ஒருத்தியின் காதில் போய்ச் சேர்ந்தது அந்தப் பேச்சு. என் வேலை அது. அந்த மூச்சு இன்னும் எனக்குக் கேட்கிறது. பஸ்ஸிலும் கேட்கிறது, குசினியில் சமைக்கும்போதும் கேட்கிறது.

ஒரு ஞாயிறு பின்னேரம் கனடாவுக்கு அண்ணைக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்த பிறகு கேட்டேன்.

"அண்ணை, ஐயா சொல்லச் சொல்ல எழுதிறன் எண்டு அந்தக் கடிதங்களை எழுதேக்க உங்களுக்கு எப்பிடி இருந்தது?"

பின்னால் ஓடிய டீவியை அண்ணை நிறுத்துவது கேட்டது.

"ஒவ்வொரு கிழமையும் இருந்து எழுதேக்க ஐயா பக்கத்தில இருந்த மாதிரித்தான் இருந்தது, தங்கச்சி" என்றார். "நீ அறிஞ்ச பிறகுதான் எனக்கு அவர் செத்தவர்."

"சொல்லுங்கோ, அண்ணை" என்றேன். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.