கரும்பு வீட்டில் சர்க்கரை இல்லாத சாக்லேட்

போன வாரம் எங்கள் வயலில் கரும்பு வெட்டு. ஃபிஜியில் எங்கள் சபேட்டோ பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வெட்டு என்பது கேங் வேலை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, முறை வைத்து, ஒவ்வொருவர் வயலாக வெட்டுவார்கள். அன்று எந்த வீட்டு வயலோ, அந்த வீட்டில்தான் எல்லோருக்கும் காலை டீயும் இனிப்பும்.

டீ என்றால் சாதாரண டீயா? கெட்டிலிலேயே சர்க்கரையைக் கொட்டிக் கொதிக்க வைத்த டீ. கரும்பு போடுகிறவன் வீட்டில் சர்க்கரைக்குப் பஞ்சமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே!

இன்னொரு வழக்கமும் உண்டு. கேங்கின் தலைவரை சர்தார் என்போம். தட்டிலிருந்து சர்தார் எடுத்து வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். சர்தார் எடுக்காமல் விட்டால்... அந்த வீட்டுக்கே அவமானம்.

எங்கள் கேங்கின் சர்தார் என் வீட்டுக்காரர்தான். அவருக்குச் சர்க்கரை நோய்.

இது எனக்கும், அவருக்கும், தலைநகர் சுவாவில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கும், ஹெல்த் சென்டர் நர்ஸுக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது. சீசன் ஆரம்பத்தில் கரும்புக் கட்டை குத்தி அவர் பாதத்தில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. சர்க்கரை இறங்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு இதே நோயால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் நான் போடுகிற பத்தியத்தை மனிதர் சமர்த்தாகச் சாப்பிடுவார். வெட்டுக்குப் போன இடத்தில்? ஒரு வீட்டில் அல்வா, அடுத்த வீட்டில் லட்டு. எல்லாவற்றிலும் முதல் கை இவருடையது. கேங்கில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

“எனக்குன்னு அடுப்பாண்ட நின்னு செஞ்சி வெச்சிருக்காங்க. பீமாரி, சீக்குன்னு சொல்லிக் கைய மடக்கிக்கினா அந்த வூட்டுக்கு என்னா மரியாதை?” என்பார்.

மரியாதை! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதைக்காகக் காலையா கொடுப்பார்கள்?

இதை மகளிடம் போனில் புலம்பியபோதுதான் அவள் அந்த வழியைச் சொன்னாள். சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடரைப் பஸ்ஸில் அனுப்பியும் வைத்தாள். வறுத்த வேர்க்கடலை, ஓட்ஸ், கொஞ்சம் தேங்காய்த் துருவல், கோகோ. உருண்டை பிடிபடுவதற்கு மட்டும் சில பேரீச்சை. மிக்ஸியில் அடித்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆயிற்று. அடுப்பையே பற்ற வைக்க வேண்டாம். பேரீச்சையும் இனிப்புதான், அப்பாவுக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது என்று கறாராகச் சொன்னாள். ஹெல்தி என்று பேர் வைத்துவிட்டால் தட்டையே காலி செய்கிற ஆட்கள் அல்லவா நாம்?

முதல் ஈடு படு கசப்பு. கோகோவை அள்ளிப் போட்டுவிட்டேன். கஷாயம் குடிக்கிற முகத்தோடு அவர் விழுங்கினார். அடுத்த ஈடு தேவலை.

எங்கள் முறை வந்தது. தட்டு நிறைய உருண்டை. டீயில் சர்க்கரை போடாமல், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தேன். இந்த வீட்டுக்குக் கஞ்ச வீடு என்று இதுவரை பெயரில்லை.

மாமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சர்தார் ஒன்றை எடுத்து மென்று தலையாட்டினார். பிறகு மற்றவர்கள் எடுத்தார்கள். எந்தக் கடை சாக்லேட் என்று விசாரித்தார்கள். நானே செய்தது, சர்க்கரை போடவில்லை என்றேன்.

எல்லோரும் கையிலிருந்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். போச்சு, மானம் கப்பலேறியது என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்ணம் கைமாறிப் போனது. ஒருவர் போட்டுக்கொண்டார். அடுத்தவர் தொடாமல் தள்ளிவிட்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. என் வீட்டுக்காரர் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அது பக்கத்துப் பண்ணை காசிம் பாயிடம் வந்தது. அவரும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்கு ரெண்டு வருசமா சக்கரை, சர்தாரே,” என்றார் மெதுவாக. “நீங்க எடுத்துத் துன்றீங்க. நான் மட்டும் வாணாம்னா நல்லாவா இருக்கும்னுதான் நானும் துன்னுக்கினு இருந்தேன்.”

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நான் முன்பு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆப்பரேஷன் முடிந்து அண்ணன் கண் விழித்த அன்றைக்கு.

அவர் குனிந்து ஒரு காலின் ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். கட்டுப் போட்ட பாதத்தை எல்லோரும் பார்க்கும்படி நீட்டினார்.

வீட்டின் மரியாதைக்காக இவர் தின்றார். இவர் தின்கிறாரே என்று அவர்கள் தின்றார்கள். அவர்களுக்காகத்தானே பெண்கள் நாங்கள் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தோம்? பாதிப் பேருக்கு வேண்டாத இனிப்பை இத்தனை வருஷமாக ஒருவர் மனம் கோணாமல் இருக்க இன்னொருவர் சாப்பிட்டிருக்கிறோம். நம் விருந்துகளில் எத்தனை இப்படி நடக்கிறதோ... முதல் கை வைக்கிறவரால்தான் முதலில் வேண்டாம் என்றும் சொல்ல முடியும். அது அவருக்கே தெரிவதில்லை.

இந்தப் புதன்கிழமை மழை. வெட்டு இல்லை. புண் இன்னும் ஆறவில்லை. ஹெல்த் சென்டரில் கட்டு மாற்ற வேண்டும். வழக்கம்போல அவரோடு துணைக்குப் போக உடை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கேங் லாரி நின்றிருந்தது. காசிம் பாயும் மற்றவர்களும் தலை வாரி, சட்டை மாற்றி, அவரோடு ஹெல்த் சென்டருக்கு வந்து சர்க்கரை பார்த்துக்கொள்ள நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அதில் இடம் இல்லை.