நான் குணப்படுத்திய மூக்கு

நன்றாக இருந்த ஒரு பெண்ணின் மூக்கை நான் கெடுத்தேன். அதற்குச் சிகிச்சை என்று பெயரும் வைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் வீடு, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் என் மனநல ஆலோசனை அறை. மணப்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியைக் கூட்டி வந்தார். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று அந்த அம்மா பிள்ளைகளுக்குக்கூடக் குடிக்கக் கொடுப்பதில்லையாம்.

"ஊர்ல வேற யாருக்கும் நாறலைங்க. இவளுக்கு மட்டும்தான்."

பாட்டிலில் கொண்டு வந்திருந்த தண்ணீரை மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் நான் ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவன். அடுப்பில் பால் தீய்ந்தாலும் எனக்குத் தெரியாது. அது ஏனோ அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"எல்லாம் மனசுலதாம்மா இருக்கு" என்றேன்.

வாராவாரம் வரச் சொல்லி, கண்ணை மூடி மெல்ல மூச்சு விட்டபடி அந்தத் தண்ணீரை மூக்கருகே கொண்டுபோகப் பழக்கினேன். படித்த படிப்பு பலித்தது. ஒருநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "இப்ப ஒண்ணும் தெரியலைங்க சார். புள்ளைங்களுக்கும் அதத்தான் குடுக்குறேன்." நண்பர்களிடம் இதைப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு டாக்டர் அதட்டியதில் பொடியை விட்டேன். மறு வருஷம் அந்தப் பக்கம் போனபோது, என் வெற்றியை நேரில் பார்க்க இறங்கினேன். அந்த அம்மா செம்பில் தண்ணீர் தந்தார். வாயருகே கொண்டுபோனதும் குமட்டியது. வெளியே வந்து பார்த்தால், மேட்டிலிருந்த தோல் பட்டறையின் கழிவு, கிணற்றை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது.

நேரே கிணற்றடிக்குப் போய், அங்கிருந்த பெண்களிடம் சொன்னேன்: "இவங்களுக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. என் மூக்குதான் சரியில்லாம இருந்துச்சு."

ஒருத்தி சிரித்தாள். "எங்களுக்கும்தான் சார் நாறுச்சு. வாயத் தொறந்தா எங்களையும் உங்ககிட்ட பஸ் ஏத்தி விட்டுருவாங்களேன்னு பேசாம இருந்தோம்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் என் ஆலோசனை கிணற்றடியில்தான். கண்ணை மூடும் பயிற்சி கிடையாது. மனதில் இருப்பதை எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லித் துணிச்சல் வந்து, குடங்களோடு கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். நானும் ஒரு குடம் தூக்கினேன். மூடியைத் திறந்ததும் அதிகாரி கைக்குட்டையைத் தேடினார். கழிவு நிறுத்தப்பட்டது. சில மழைக்குப் பிறகு கிணறும் தெளிந்தது.

அந்த அம்மாவுக்கு மட்டும் தன் மூக்கின்மேல் நம்பிக்கை திரும்பவே இல்லை. நான் போகும்போதெல்லாம் செம்பை நீட்டுவார்.

"நீங்க மோந்து சொல்லுங்க சார். அப்புறம் புள்ளைங்களுக்குக் குடுக்குறேன்."