போஞ்சிப் பாத்தியில் வந்து உட்கார்ந்த முனி

ஒரு துண்டு நிலத்தைத் திருத்துவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், என் கணவரைத்தான் கேட்கச் சொல்வேன். அவரைப்போல் பார்த்தவர் பொகவந்தலாவைப் பக்கத்தில் எவரும் இல்லை. எங்கள் காம்பரா வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால், தேயிலை பிடிக்காமல் கைவிட்ட ஒரு சரிவு மானாப்புல் மண்டிக் கிடந்தது. அதைத் திருத்திக் காய்கறி போடலாம் என்று நான் சொன்ன நாளிலிருந்து அவர் பார்க்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கிருந்த பாறையில் உட்கார்ந்து, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பீடி புகைய ஆராய்ந்தார். மழை கொட்டும்போது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நின்று பார்த்தார். மண்ணை எடுத்து நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். நான் ஆக்கிய குழம்பை அவ்வளவு அக்கறையாக அவர் ருசி பார்த்ததே இல்லை.

எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்துத் துரையின் செடியில் கொழுந்து பறிக்கிறேன். நானே நட்டு, நானே பறித்து, என் அடுப்புக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு செடியாவது வேண்டும். தோட்டத்து ஆட்களான எங்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை கிடையாது என்று சட்டம் போட்டிருந்த காலம் அது. நாடே இல்லாதவளுக்குப் பாத்தி கேட்கிறது, கொழுப்பைப் பாருங்கள்!

துரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தை மேய்த்த கண்டாக்கையாவிடம் போய்க் கேட்டோம். "செஞ்சிக்கிங்க. ஆனா துரை கேட்டா நான் ஒன்னும் சொல்லலை" என்றார். அதைவிட உறுதியான உத்தரவு எந்தத் தோட்டத்திலும் கிடைக்காது. புல்லை வெட்டினோம். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினோம். மண் சரியாமல் கல் அடுக்கி, கோழி எருவைப் போட்டுப் பாத்தி கட்டி, போஞ்சி என்று நாங்கள் சொல்லும் பீன்ஸ் விதையை ஊன்றினோம். என் கணவர் பார்த்தது வீண் போகவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வருஷத்துப் பெருமழையில் ரோட்டே சரிந்து போனது. எங்கள் பாத்தியில் ஒரு பிடி மண் அசையவில்லை. போஞ்சி கொடியேறிப் பூத்தது. முதல் பிஞ்சைப் பறித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, பூச்சி கீச்சி கடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

போஞ்சி காய்த்ததைப் பார்த்த பிறகு, மண் நல்ல மண் என்பது கண்டாக்கையாவுக்கும் தெரிந்துபோனது. அங்கே தேயிலை நாற்றுமேடை போடலாம் என்று அவர் துரையிடம் சொல்லியிருப்பதாகக் கங்காணி வந்து சொன்னார். வெயிலைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார் என் கணவர். நிலம் யாருடையது என்று மட்டும் பார்க்க மறந்துவிட்டார்.

ஆனால் அவரிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தில் சாமி இல்லாத மலை கிடையாது. கவ்வாத்து வெட்டப் போகுமுன் ஒரு சாமி, கொழுந்து எடுக்கப் போகுமுன் ஒரு சாமி, தேயிலை அரைக்கும் ஸ்டோர் சக்கரத்துக்கே ஒரு முனி. ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்துவிட்டால் எந்தத் துரையும் அதில் கைவைக்க மாட்டார். ஆட்கள் வேலைக்கு இறங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பக்திதான்.

"சாமி வச்சிட்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் புள்ள" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. பாத்தி கொத்தும்போது என் மண்வெட்டியின் வாயை மழுக்கிய கல் ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதையே நிமிர்த்தி நட்டு, மஞ்சள் பூசி, முனி என்று சொல்லிவிட்டோம். துரை வந்தார். கல்லைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "சாமி இருக்கா? சரி, விடு" என்று கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் காம்பராவில் போஞ்சிக் கறி.

துரையையே திருப்பி அனுப்பிய முனி என்று பேச்சுப் பரவியது. மேல் லயத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது, காணாமல் போன மாடு திரும்பி வந்தது. எல்லாம் முனியின் வேலை என்றார்கள். தேங்காய் உடைக்க வந்தவர்கள் கொடியை மிதித்தார்கள். சாமி இடத்தில் கோழி எரு ஆகாது என்றார்கள். தீட்டு நாட்களில் நான் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றார்கள். நான் காம்பராவுக்குள் இருந்த நாட்களில் போஞ்சி முற்றி நாராய்த் தொங்கியது. கடைசியில், திருவிழாவுக்குக் கூட்டம் நிற்க இடம் போதாது என்று கங்காணி ஆட்களோடு வந்து பாத்தியைச் சமப்படுத்திவிட்டார். முனியிடம் யாரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. எங்கள் லயத்தில் காணி உள்ள ஒரே ஆள் அவர்தான்.

"ஏங்க, அது நம்ம நட்ட கல்லுதானே? நீங்களாவது சொல்லுங்களேன்" என்றேன் என் கணவரிடம்.

"வாய மூடு. சாமி குத்தமாயிரும்" என்றார். அதற்குள் அவரைப் பூசாரி ஆக்கியிருந்தார்கள். அவர் உண்மையிலேயே பயந்தாரா, பூசாரிப் பட்டத்தை விட மனமில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு வந்த ஆத்திரம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

திருவிழாவில் தப்பு முழங்கியதும் அவர் மேல் முனி இறங்கியது. ஆடிக்கொண்டே வந்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் திருநீறு பூசி, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒருத்தி பிள்ளை வரம் கேட்டாள். "குடுத்தேன்" என்றார். இன்னொருத்தி மகனுக்குப் பெயர் பதியச் சொல்லி, தோட்டத்தில் வேலை கேட்டாள். அதையும் கொடுத்தார். அப்புறம் என் முன்னால் வந்து நின்றார். நான் நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரியும். கொடி ஏற நான் நட்ட குச்சியின் முறிந்த அடி காலில் குத்திக்கொண்டிருந்தது.

"என்னடி ஆத்தா, என்ன வேணும் கேளு!"

"என் போஞ்சிப் பாத்தி வேணும்" என்றேன்.

தப்பு நின்றுவிட்டது. முனி என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே மண்ணைப் பார்த்தது. பிறகு என் நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டு நகர்ந்து, அடுத்தவளிடம் "உனக்கு என்ன வேணும் கேளு" என்றது.